சேமி பொத்தானை முதலில் அழுத்திப் பாருங்கள்

"இலவசமா நல்ல போட்டோ எடிட்டர் எது?" என்று யாராவது கேட்டால் ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போக எனக்கு வருவதில்லை. என்ன படம், அதில் என்ன செய்ய வேண்டும் என்று திருப்பிக் கேட்பேன். வரும் பதில்கள் அநேகமாக ஒன்றுபோலவே இருக்கும். ஜன்னலுக்கு முன்னால் நிற்க வைத்து எடுத்ததில் முகம் இருண்டுவிட்டது. பின்னால் யாரோ குறுக்கே போகிறார். விண்ணப்பத்தில் ஏற்றப் போனால் கோப்பு பெரிதாக இருக்கிறது என்கிறது. பழைய ஆல்பத்துப் படம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது.

இந்த நான்கு வேலைகளில் பெரும்பாலானவற்றை இன்றைக்குக் கிடைக்கும் உருப்படியான இலவச மென்பொருள் எதுவும் செய்துவிடும். அதனால் வசதிப் பட்டியலை வைத்து ஒப்பிடுவதை நான் விட்டுவிட்டேன். நான் பார்ப்பது சேமி பொத்தானை. அதை அழுத்தினால் என் அசல் படம் என்ன ஆகிறது? நாளைக்கு மனசு மாறினால் திரும்பிப் போக வழி இருக்கிறதா? எல்லா வேலையும் முடிந்த பிறகு அங்கே வைத்துக் காசு கேட்கிறார்களா? ஒரு மென்பொருளின் குணம் அந்த இடத்தில் தெரிந்துவிடும்.

பள்ளியில் வேதியியல் நடத்துபவள் நான். ஒரே கரைசலை வெவ்வேறு சோதனைக் குழாய்களில் ஊற்றிப் பார்க்கிற புத்தி இங்கேயும் தொற்றிக்கொண்டது. புதிதாக எதை நிறுவினாலும் அதே மூன்று படங்களைத்தான் திறப்பேன்: அண்ணன் மகன் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் படம், அக்காவின் ஆல்பத்திலிருந்து ஸ்கேன் செய்த பழைய வண்ணப் படம், என்னுடைய பாஸ்போர்ட் அளவுப் படம்.

முதல் படத்துக்குக் கணினியே தேவையில்லை. போனில் ஸ்னாப்சீட் போதும். நிக் சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் 2011இல் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே அந்த நிறுவனத்தை கூகுள் வாங்கிவிட்டது. விளம்பரம் கிடையாது, சந்தா கிடையாது. இதில் எனக்குப் பிடித்தது செலக்டிவ் என்ற கருவி. பையனின் கன்னத்தில் ஒரு புள்ளி வைக்கிறேன். இரண்டு விரலால் விரித்தால் அந்தப் புள்ளியின் ஆட்சி எதுவரை என்று சிவப்பாகக் காட்டுகிறது. சுற்றி இருக்கும் நிறத்தையும் அது கணக்கில் எடுத்துக்கொள்வதால் முகத்தைத் தாண்டி ஜன்னல் வெளிச்சத்துக்குள் அவ்வளவாகப் பரவாது. அப்புறம் விரலை வலப்பக்கம் இழுத்தால் முகம் மட்டும் வெளுக்கிறது. அளவோடு நிறுத்த வேண்டும். அதிகமாக இழுத்தால் நிழலுக்குள் பதுங்கியிருந்த புள்ளிப்புள்ளியான இரைச்சல் எல்லாம் மேலே வந்து முகம் மாவு பூசியதுபோல் ஆகிவிடும்.

செய்த வேலைகள் எல்லாம் ஒரு பட்டியலாக உள்ளே இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. எடிட்டுகளைக் காட்டு என்று கேட்டால் ஒவ்வொரு படியும் வரிசையாக வரும். நடுவில் உள்ள ஒன்றை மட்டும் திறந்து அளவைக் குறைக்கலாம், நீக்கலாம், அந்த மாற்றத்தை விரலால் தடவி வேண்டிய இடத்தில் மட்டும் பூசலாம். சேமிக்கும்போது தனிப் பிரதியாக ஏற்றுமதி செய்துகொண்டால் அசல் அப்படியே இருக்கும். என் கணக்கில் முழு மதிப்பெண்.

படத்தை உங்களுக்கு யார், எப்படி அனுப்பினார்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்பட்டே வந்து சேரும். அதில் உள்ள நிழலைத் தூக்கினால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். எந்த மென்பொருளாலும் அதைச் சரிசெய்ய முடியாது. டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், கோப்பு அப்படியே வரும். "உன் மென்பொருள் சரியில்லை" என்று சித்தி என்னிடம் குறைப்பட்டுக்கொண்ட படங்களில் முக்கால்வாசி இந்த ரகம்.

கட்டம் ஏன் வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், சேமிக்கும் விஷயம் முழுக்க இதில்தான் இருக்கிறது. ஜேபெக் என்பது படங்களைச் சுருக்கிச் சேமிக்க 1992இல் வந்த கோப்புத் தரநிலை. படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கண்ணுக்கு அதிகம் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிட்டு மிச்சத்தை எழுதி வைக்கும். கழித்தது கழித்ததுதான். திறந்து, மாற்றி, மறுபடி ஜேபெக்காகவே சேமித்தால் மறுபடி ஒரு கழிவு. ஒருமுறை இரண்டுமுறைக்கு ஒன்றும் தெரியாது. இன்றைக்குக் கொஞ்சம் வெட்டி, அடுத்த வாரம் கொஞ்சம் வெளுக்க வைத்து, அப்புறம் எழுத்து சேர்த்து என்று அதே கோப்பின் மேலேயே சேமித்துக்கொண்டு போனால் முடியின் ஓரங்களிலும் எழுத்தின் ஓரங்களிலும் அழுக்கு தெரிய ஆரம்பிக்கும்.

இந்த இடத்தில்தான் கிம்ப் என்ற இலவசக் கணினி மென்பொருள் மீது எல்லோரும் எரிச்சல்படுவார்கள். ஜேபெக்கைத் திறந்து, வேலையை முடித்து, கன்ட்ரோல் எஸ் அழுத்தினால் அது எக்ஸ்சிஎஃப் என்ற தன் சொந்த வடிவத்தில் சேமிக்கவா என்று கேட்கும். ஜேபெக் வேண்டுமென்றால் ஏற்றுமதி என்ற தனிக் கட்டளைக்குப் போக வேண்டும். 2012இல் 2.8 பதிப்பு வந்ததிலிருந்து இப்படித்தான். திட்டியவர்கள் ஏராளம். நான் கிம்ப் பக்கம். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய லேயர்களோடு கூடிய என் வேலை ஒரு கோப்பு, ஊருக்குக் காட்டும் படம் இன்னொரு கோப்பு, அசல் மூன்றாவது. மூன்றும் ஒன்றையொன்று தின்றுவிடக்கூடாது. அசலின் மேலேயே எழுது என்ற கட்டளையும் மெனுவில் இருக்கத்தான் செய்கிறது. வேண்டும் என்பவர்கள் தேடிப் போய் அழுத்த வேண்டும், அவ்வளவுதான்.

கிம்ப் 1995இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கியது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். முதல் தடவை திறக்கும்போது விமானி அறைக்குள் நுழைந்தது மாதிரி இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் என் இரண்டாவது படத்துக்கு, அதாவது சிவந்து போன ஆல்பப் படத்துக்கு, எனக்கு வேண்டியது அதில் ஒரே ஒரு சாளரம்: நிறங்கள் மெனுவில் லெவல்ஸ்.

அந்தப் படம் ஏன் சிவந்தது? வண்ணப் பிரதியில் மஞ்சள், மெஜந்தா (கருஞ்சிவப்பு), சியான் (பச்சை கலந்த நீலம்) என்று மூன்று சாயங்கள் இருக்கின்றன. பழைய தாள்களில், வெயிலே படாமல் ஆல்பத்துக்குள் மூடி வைத்திருந்தாலும், சியான் சாயம் மற்றவற்றுக்கு முந்திச் சிதைந்துவிடும். சிவப்பு ஒளியை உறிஞ்ச வேண்டியது சியான். அது குறைந்துவிட்டால் கருப்பாக இருக்க வேண்டிய இடத்திலிருந்தும் சிவப்பு திரும்பி வருகிறது. அக்காவின் படத்தில் எல்லோருடைய தலைமுடியும் செங்கல் நிறம்.

லெவல்ஸைத் திறந்து சேனல் என்ற இடத்தில் சிவப்பைத் தேர்ந்தெடுத்தேன். மலை மாதிரி ஒரு வரைபடம் வரும். இடது முனை 0, அதாவது முழு இருட்டு; வலது முனை 255, முழு வெளிச்சம். சிவப்பு மலை இடப்பக்கம் தரையே தொடவில்லை, 85 வாக்கில்தான் தொடங்கியது. இருட்டான சிவப்பு என்பதே படத்தில் இல்லை என்று பொருள். வரைபடத்துக்குக் கீழே இருக்கும் கருப்பு முக்கோணத்தை அந்த மலையின் அடிவாரம்வரை இழுத்தேன். செங்கல் முடி ஒரே இழுப்பில் கருத்தது. அப்புறம் நீலத்துக்குப் போனேன். அங்கே வலப்பக்கம் காலி, தாள் மஞ்சளடித்துப் போனதால். வெள்ளை முக்கோணத்தை உள்ளே இழுத்ததும் அப்பாவின் சட்டை வெள்ளையானது. பச்சையை லேசாகத் தொட்டால் போதும். கடைசியில் நடு முக்கோணத்தை அரைக்கால் நகர்த்தி முகத்தின் நிறத்தைப் பார்த்துக்கொண்டேன். தானியங்கி என்று ஒரு பொத்தானும் உண்டு, மூன்று சேனல்களிலும் இதே வேலையைத் தானே செய்துவிடும். சில படங்களில் அதுவே போதும். மாலை வெயிலில் எடுத்த படங்களில் மட்டும் அது அந்த மஞ்சள் வெயிலையும் நோய் என்று நினைத்துத் துடைத்துவிடும்.

2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் எனக்குப் பெரிய உபகாரம் ஒன்று நடந்தது. லெவல்ஸ் போன்ற மாற்றங்கள் இப்போது லேயரின் மேல் ஒரு திரைபோலத் தங்கி நிற்கின்றன. லேயர் பட்டியலில் எஃப்எக்ஸ் என்ற சின்னத்தை அழுத்தி நேற்றுப் போட்ட எண்ணை இன்றைக்கு மாற்றலாம், எடுத்தே விடலாம். எக்ஸ்சிஎஃப்பாகச் சேமித்தால் அதோடு சேர்ந்தே சேமிக்கப்படும். பழைய 2.10ஐ இன்னும் வைத்திருப்பவர்கள் இதற்காகவாவது மாறலாம்.

படத்தின் குறுக்கே ஓடும் கீறல், பூஞ்சைப் புள்ளி இவற்றுக்கு ஹீல் கருவி. கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நல்ல இடம் ஒன்றைச் சொடுக்கிவிட்டு, கீறலின் மேல் சின்னச் சின்னதாகத் தடவ வேண்டும். நீளமாக இழுத்தால் அதே சுவர்க் கறை வரிசையாக முளைக்கும்.

மூன்றாவது படத்துக்குக் கிம்ப் கொஞ்சம் அதிகம். பாஸ்போர்ட் படம் பல இடங்களில் 35க்கு 45 மில்லிமீட்டர் கேட்பார்கள். 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், அது 413க்கு 531 பிக்சல். வெட்டும்போது 7க்கு 9 என்று விகிதத்தைப் பூட்டிக்கொண்டால் அப்புறம் சுருக்குவது சுலபம். கூடவே இத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும் என்றும் ஒரு விதி இருக்கும். விண்டோஸ்காரர்களுக்கு இதற்குப் பெயின்ட் டாட் நெட் அருமை. 2004இல் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மாணவர் திட்டமாகத் தொடங்கியது. இப்போதும் ரிக் ப்ரூஸ்டர் அதை வளர்த்துக்கொண்டிருக்கிறார். அதன் சொந்தத் தளத்தில் இலவசம், மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் காசு. தெரியாமல் ஸ்டோருக்குப் போய்விடாதீர்கள். காசு கொடுத்து ஆதரிக்க விரும்பினால் அது வேறு. ஜேபெக்காகச் சேமிக்கும்போது தர அளவுகோல் ஒன்று வரும். அதை நகர்த்த நகர்த்தக் கோப்பு எத்தனை கேபி ஆகும் என்றும் படம் எப்படித் தெரியும் என்றும் பக்கத்திலேயே காட்டும். குருட்டாம்போக்கில் சேமித்துச் சேமித்துப் பார்க்க வேண்டியதில்லை. கிம்ப்பின் ஏற்றுமதிச் சாளரத்திலும் முன்னோட்டத்தை டிக் செய்தால் அளவு தெரியும், பலர் அந்தப் பெட்டியைக் கவனிப்பதில்லை.

பெயின்ட் டாட் நெட்டிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல். கன்ட்ரோல் எஸ் என்றால் அது நேராக அசல் கோப்பைத்தான் தொடும். லேயர் போட்டிருந்தால் எல்லாவற்றையும் தட்டையாக்கட்டுமா என்று கேட்கும், நாமும் யோசிக்காமல் சரி என்போம். இதற்கு என் வைத்தியம், படத்தைத் திறந்த கையோடு வேறு பெயரில் சேமித்துவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்குவது.

நூறு படங்களை ஒரேயடியாகச் சுருக்க வேண்டுமா? இர்ஃபான்வியூ. 1996லிருந்து இருக்கிறது, சொந்த உபயோகத்துக்கு இலவசம், விண்டோஸில் மட்டும். திறந்து பி என்ற விசையைத் தட்டினால் மொத்தமாக மாற்றும் சாளரம் வரும். கூடுதல் பிளகின்களையும் நிறுவிக்கொண்டால் ஒரு படத்தை ஜேபெக்காகச் சேமிக்கும்போது இத்தனை கேபிக்குள் கொடு என்றே கேட்கலாம். பள்ளி அறிவியல் கண்காட்சிப் படங்களை எல்லாம் இதில்தான் சின்னதாக்குகிறேன். வெளியீட்டுக் கோப்புறையை மட்டும் வேறாக வைத்துவிடுங்கள். அதே கோப்புறையைக் கொடுத்து மேலெழுது என்ற பெட்டியையும் டிக் செய்துவிட்டால் நூறு அசலும் ஒரே நேரத்தில் போகும்.

எதையுமே நிறுவ முடியாத கணினி என்றால் ஃபோட்டோபியா. பிரவுசரில் ஓடுகிறது. இவான் குட்ஸ்கிர் என்ற ஒற்றை மனிதர் உருவாக்கியது என்பதை நம்பக் கஷ்டமாக இருக்கும், அத்தனை வேலை உள்ளே. ஃபோட்டோஷாப் பழகியவர்களுக்குப் பொத்தான்கள் எல்லாம் கை போன இடத்தில் இருக்கும். யாராவது ஃபோட்டோஷாப்பின் சொந்த வடிவமான பிஎஸ்டி கோப்பு அனுப்பினால் லேயர்களோடு திறக்கும். பிரவுசரில் ஓடுகிறது என்றதும் படம் யாருடைய சர்வருக்கோ போகிறது என்று பயப்படுவார்கள். இதில் அப்படி இல்லை, கணக்கு வழக்கெல்லாம் உங்கள் கணினியிலேயே நடக்கிறது. பக்கத்தில் ஒரு விளம்பரப் பட்டை இருக்கும், அதுதான் அவருக்கு வருமானம். ஜேபெக்காக ஏற்றுமதி செய்தால் தனிக் கோப்பாக டவுன்லோடில் வந்து விழும். பெரிய ஸ்கேன்களைத் திறந்தால் என் பழைய லேப்டாப் மூச்சு வாங்குகிறது, அதை மட்டும் சொல்லியாக வேண்டும்.

டார்க்டேபிள், ரா தெரபி இரண்டும் கேமராவில் ரா கோப்பாக, அதாவது சென்சார் பதிந்த தகவலை ஜேபெக்காக மாற்றாமல், எடுப்பவர்களுக்கு. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள் என்றால் 14 பிட் ராவில் 16,384. நிழலைத் தூக்கும்போது அந்த வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். இரண்டும் அசலைத் தொடவே தொடாது; மாற்றங்களைப் பக்கத்தில் ஒரு சின்னத் துணைக் கோப்பில் எழுதி வைக்கும். போனில் மட்டும் படம் எடுப்பவர்கள் இவற்றைக் கற்றுக்கொள்ள ஒரு மாதத்தைச் செலவழிக்கத் தேவையில்லை. கிரிட்டாவையும் சிலர் இந்த வரிசையில் சேர்க்கிறார்கள். அது ஓவியர்களுக்கானது, அந்த வேலையில் அதை அடித்துக்கொள்ள ஆள் குறைவு, ஆனால் ஆல்பப் படத்துக்கு அங்கே போக வேண்டாம்.

துணைக் கோப்பு என்றதும் எனக்குப் பிக்காசா ஞாபகம் வந்துவிடும். கூகுள் 2004இல் வாங்கி, 2016இல் நிறுத்திய மென்பொருள். அதுவும் செய்த மாற்றங்களைத் தனியாகக் குறித்து வைக்கும்; சேமி என்று அழுத்தினால்கூட அசலை ஒரு மறைந்த கோப்புறையில் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டுத்தான் புதியதை எழுதும். சாதாரண ஆட்களை இவ்வளவு மதித்த சேமி பொத்தானை நான் அப்புறம் அதிகம் பார்க்கவில்லை. அதிலும் ஒரு பள்ளம் இருந்தது. சேமிக்காமல் விட்ட மாற்றங்கள் பிக்காசாவுக்குள் மட்டுமே தெரியும், வேறு எதில் திறந்தாலும் பழைய படம்தான். டார்க்டேபிளிலும் துணைக் கோப்பை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் வேறு கணினிக்கு எடுத்துப் போனால் இதே கதை.

குறுக்கே வந்த ஆளை அழிக்கும் வேலையைப் பற்றிச் சொல்லவில்லையே. பின்னணி புல்லோ வானமோ என்றால் ஸ்னாப்சீட்டின் ஹீலிங் போதும். கொஞ்சம் சிக்கலானால் கூகுள் போட்டோஸில் இருக்கும் மேஜிக் இரேசர் நன்றாகவே அழிக்கிறது. அழிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பழைய படங்களைத் தெளிவாக்கித் தருகிறேன் என்று வரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள்தான் பிரச்சினை. அக்காவின் ஆல்பத்தில் அத்தையின் முகம் ஒரு கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் இருக்கும். அப்படி ஒரு செயலியில் போட்டேன். இமை மயிர், பல் வரிசை, தோலின் பளபளப்பு எல்லாம் வந்தன. "யாரு இது?" என்றாள் அக்கா. அந்தச் செயலி பல்லாயிரம் முகங்களைப் பார்த்துப் பழகிய அனுமானத்தை எடுத்து அத்தையின் மேல் ஒட்டிவிட்டது. இல்லாத விவரத்தை எந்த மென்பொருளும் மீட்க முடியாது, இட்டுக்கட்டத்தான் முடியும். ஸ்கேனரில் 600 டிபிஐ வைத்து மறுபடி ஸ்கேன் செய்ததில் கிடைத்த மங்கலான அத்தையே அத்தையாக இருக்கிறார்.

அதே செயலிதான் எல்லாம் முடிந்து சேமிக்கப் போனபோது வாரச் சந்தா கேட்டது. இலவசம் என்ற பெயரில் வருபவற்றில் இது ஒரு தனி இனம். சிலது காசு கேட்காமல் மூலையில் முத்திரை குத்தும். இன்னும் சிலது சத்தமில்லாமல் படத்தைப் பாதியாகச் சுருக்கிக் கொடுக்கும். அதனால் புதிதாக எதை நிறுவினாலும் வேலையைத் தொடங்குவதற்கு முன்பு ஓரத்தில் ஒரு துளி வெட்டி, சேமித்து, வந்த கோப்பின் பிக்சல் அளவைப் பாருங்கள். 4,000 பிக்சல் அகலத்தில் போனது 1,600இல் திரும்பி வந்தால் அப்போதே நீக்கிவிடலாம். நாலுக்கு ஆறு அங்குலப் பிரதி போட 1,800க்கு 1,200 பிக்சலாவது இருந்தால்தான் நன்றாக இருக்கும்.

கடைசியாக அஃபினிட்டி. காசு கொடுத்து வாங்க வேண்டியதாக இருந்தது. அதை உருவாக்கிய நிறுவனத்தை 2024இல் கேன்வா வாங்கியது, 2025 அக்டோபர் இறுதியில் இலவசமாக்கிவிட்டார்கள். கேன்வா கணக்கு ஒன்று மட்டும் தொடங்க வேண்டும், செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்குத் தனிச் சந்தா. விண்டோஸிலும் மேக்கிலும் போட்டுப் பார்க்கலாம். என் மூன்று படங்களிலும் சுத்தமாக வேலை செய்தது, கீறல் சரிசெய்வதில் கிம்ப்பைவிடக் கைக்கு இதமாகவே இருக்கிறது. ஆனால் சேமித்தால் அதன் சொந்த வடிவத்தில்தான் கோப்பு வரும், அதை லேயர்களோடு திறக்க அஃபினிட்டியே வேண்டும். ஒரு நிறுவனத்தின் கணக்கை நம்பி அக்காவின் ஆல்பத்தை வைக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. அதனால் அங்கே முடித்த ஒவ்வொரு படத்துக்கும், பல மென்பொருள்களிலும் திறக்கும் டிஃப் வடிவத்தில் பிரதி ஒன்று எடுத்து, ஸ்கேன் செய்த அசலுக்குப் பக்கத்திலேயே போட்டு வைக்கிறேன்.